இண்டோர் சைக்கிளிங் வகுப்பு சரியாக ஓடவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வகுப்பு சோர்ந்து கிடந்தால் பயிற்சியாளர் முதலில் குரலை உயர்த்துவார், அடுத்து பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவார். பெரும்பாலும் இரண்டுமே வீண். பின்வரிசையில் ஒருவர் பாதியில் நிறுத்தினால் காரணம் அவருடைய மனவுறுதியில் இருப்பதைவிட அவருடைய சீட் உயரத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம். அதனால் உற்சாகப் பேச்சைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு முதலில் திருகுகளையும் எண்களையும் பாருங்கள்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் கீழே காரணங்கள் எளியதிலிருந்து செலவு பிடிப்பது வரை வரிசையாக உள்ளன. முதல் காரணம் இல்லை என்று உறுதியான பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போகும்.

## ஒருவருக்குத் தலை சுற்றுகிறது, நெஞ்சு வலிக்கிறது

இதில் மட்டும் எளிய காரணத்திலிருந்து தொடங்கக்கூடாது. மோசமானது இல்லை என்று முதலில் உறுதிசெய்யுங்கள்.

### நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, நிறுத்தியும் அடங்காத மூச்சுத்திணறல், நினைவு தப்புதல்

பாட்டை நிறுத்துங்கள். ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஆம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். இன்னொருவரிடம் ஏஇடி கருவியை (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) எடுத்துவரச் சொல்லுங்கள். "யாராவது கூப்பிடுங்கள்" என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஆள் அசைவற்று, மூச்சும் இயல்பாக இல்லையென்றால் தரையில் கிடத்தி நெஞ்சு அழுத்தத்தைத் தொடங்குங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 சென்டிமீட்டர். உதவி வரும்வரை விடக்கூடாது.

### தலை லேசாகச் சுற்றுகிறது, குமட்டுகிறது, ஆனால் தெளிவாகப் பேசுகிறார்

நின்றுகொண்டு மிதித்தால் உட்காரச் சொல்லுங்கள். ரெசிஸ்டன்ஸை (பெடல் காலை எதிர்க்கும் கனம்) குறைத்து ஓரிரு நிமிடம் மெதுவாகக் கால் ஓடட்டும். கடுமையான உழைப்புக்கு நடுவே சட்டென்று நிறுத்தி இறங்கினால் கால்களில் தேங்கிய ரத்தம் மேலேறாமல் மயக்கம் அதிகமாகும். மிதிக்கவே முடியாத அளவுக்குச் சுற்றினால் தாங்கிப்பிடித்து இறக்கி, படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். பிறகு கேளுங்கள்: சாப்பிட்டாரா, தண்ணீர் குடித்தாரா, சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுக்கிறாரா? அன்றைக்கு அவருக்கு வகுப்பு முடிந்தது. "இப்போது பரவாயில்லை" என்று திரும்ப ஏற வந்தாலும் ஏற்றாதீர்கள்.

### வகுப்பு முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடை வீங்கி, மடக்க முடியாத வலி

சாதாரணத் தசைவலியா இல்லையா என்பதைச் சிறுநீரின் நிறம் சொல்லும். கட்டங்காபி நிறத்தில் போனால் தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது. ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். முதல் வகுப்பிலேயே மிஞ்சிய உழைப்புக்குத் தள்ளப்பட்டவர்களுக்கு வருவதாக மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தண்ணீர் குடித்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். நிறம் மாறாவிட்டாலும் வீக்கமும் பலவீனமும் மிக அதிகமாக இருந்தால் அதே வழிதான். புதியவர்கள் எல்லாருக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

## சீட்டில் துள்ளுகிறார்கள்

இடுப்பு அமைதியாக இல்லை, தோள்கள் ஆடுகின்றன, ஹேண்டில்பாரைப் பிடித்த கைகள் விறைத்திருக்கின்றன. எந்தத் திசையில் ஆட்டம் என்று முதலில் பாருங்கள்.

### மேலும் கீழும் துள்ளுகிறார்

ரெசிஸ்டன்ஸ் போதவில்லை. ஃப்ளைவீல், அதாவது பெடலோடு சுற்றும் கனச் சக்கரம், தன் கனத்தால் காலை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, தசைக்கு வேலையே இல்லை. இவரிடம் "வேகத்தைக் குறையுங்கள்" என்று சொல்லிப் பயனில்லை, குறைக்கத்தான் அவரால் முடியவில்லை. "பாதத்துக்கு அடியில் ஏதோ தடுப்பது தெரியும்வரை நாப்பை வலப்பக்கம் திருப்புங்கள்" என்று சொல்லுங்கள். நாப் என்பது ரெசிஸ்டன்ஸைக் கூட்டிக் குறைக்கும் திருகு. துள்ளல் நிற்கும் இடம்தான் அவருடைய அடிப்படை ரெசிஸ்டன்ஸ். கூல்-டவுனுக்கு முன்னால், ஓய்வு நேரத்தில்கூட, அதற்குக் கீழே இறங்கவேண்டாம்.

கூட்டிய பிறகும் துள்ளினால் நீங்கள் கூப்பிடும் வேகத்தைப் பாருங்கள். உட்கார்ந்த சமதள ஓட்டத்துக்கு 80 முதல் 110 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை பெடல் சுற்று), ஏற்றத்துக்கு 60 முதல் 80. பழகியவர்கள் 110-இல் நிலையாக இருப்பார்கள். கலப்பு வகுப்பில் 100-க்கு மேல் போகாமலிருப்பது நல்லது.

### இடமும் வலமுமாக ஆடுகிறார்

சீட் உயரம் அதிகம். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு சரிந்து பெடலை எட்டுகிறது. ஒரு துளை இறக்குங்கள். வண்டியிலிருந்து இறங்கித்தான் இறக்கவேண்டும், உட்கார்ந்தபடியே உயரத்தைப் பூட்டும் பின்னை இழுத்தால் சீட் போஸ்ட் ஆளோடு சடாரென்று கீழே போகும்.

### ஒரே வண்டியில் யார் உட்கார்ந்தாலும் துள்ளல்

ஆளை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள். பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம், நாப் சுற்றினாலும் பேட் இறங்காமல் இருக்கலாம். கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

## வலி, மரத்துப்போதல்

எந்த வலியானாலும் முதலில் வண்டியை ஆளுக்குப் பொருத்துங்கள். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போவதில் பொருளில்லை.

வண்டியின் பக்கத்தில் நிற்கவைத்து, சீட்டின் மேல்மட்டம் இடுப்பெலும்பின் உச்சிக்கு நேராக வரும்படி வையுங்கள். இது தொடக்க அளவுதான். ஏறி உட்கார்ந்து, பாதத்தின் முன்மேடு பெடல் அச்சுக்கு நேர் மேலே வரும்படி வைத்து, பெடலைக் கீழே கொண்டுபோனால் முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கவேண்டும். கோணமானி தேவையில்லை: குதிகாலைப் பெடலில் வைத்தால் அதே இடத்தில் கால் நேராக நீளவேண்டும், இடுப்பு சாயக்கூடாது. அடுத்து முன்பின் அளவு. இரண்டு பெடலும் தரைக்கு இணையாக நிற்கும்போது, முன்னால் உள்ள காலின் முட்டிச் சில்லுக்குச் சற்றுக் கீழிருந்து ஒரு நூல்குண்டு தொங்கவிட்டால் அது பெடல் அச்சைத் தொடவேண்டும். ஹேண்டில்பார், புதியவர்களுக்குச் சீட்டின் உயரத்திலோ அதற்கு மேலோ. தாழ்ந்த ஹேண்டில்பார் பார்க்க வேகமாக இருக்கும். வகுப்பு வண்டியில் காற்றைக் கிழிக்க வேண்டியதில்லை என்பதால் அதற்கு வேறு பயனில்லை.

பொருத்திய துளை எண்களைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அடுத்த வாரம் அவர் வேறு உயரத்தில் உட்கார்ந்து அதே வலியோடு வருவது இதனால் குறையும்.

### முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது

சீட் தாழ்வு, அல்லது சீட் மிக முன்னால். ஒரு துளை உயர்த்தி, தேவையானால் சற்றுப் பின்னால் தள்ளுங்கள். பொருத்தம் சரியாக இருந்தும் வலித்தால் அவர் 60 ஆர்பிஎம்முக்குக் கீழே மிகக் கனமாக மிதிக்கிறாரா பாருங்கள். ரெசிஸ்டன்ஸைக் குறைத்து 70-க்கு மேல் கொண்டுவாருங்கள்.

### முட்டியின் பின்பக்கம்

சீட் உயரம் அதிகம், அல்லது சீட் மிகப் பின்னால். எதிர்த்திசையில் திருத்துங்கள்.

### முட்டியின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ

பெடலில் பாதம் திரும்பியிருக்கிறது. கிளிப் காலணி என்றால் கிளீட் (காலணியின் அடியில் பெடலில் மாட்டும் தகடு) கோணலாக மாட்டப்பட்டிருக்கும். நடக்கும்போது அவர் பாதம் இயல்பாக எப்படித் திரும்புகிறதோ அதே கோணத்துக்குக் கிளீட்டைத் தளர்த்தி இறுக்குங்கள். ஸ்ட்ராப் பெடலாக இருந்தால் கூண்டுக்குள் பாதம் ஒரு பக்கம் சரிந்திருக்கும்.

### பாதம் மரத்துப்போகிறது

ஸ்ட்ராப் அல்லது காலணி நாடா இறுக்கம் முதல் சந்தேகம். ஒரு படி தளர்த்துங்கள், ஆனால் பாதம் பெடலிலிருந்து நழுவக்கூடாது. அடுத்தது மெத்தென்ற ஓட்டக் காலணி. பெடல் விளிம்பு அதன் அடிப்பாகத்தை அழுத்தி நரம்பை நசுக்கும். கடினமான அடிப்பாகம் உள்ள காலணியோடு வரச் சொல்லுங்கள். கிளீட் விரல் நுனிப்பக்கம் இருந்தால் சில மில்லிமீட்டர் குதிகால் பக்கம் தள்ளுங்கள்.

### கை மரத்துப்போகிறது

உடல் எடை கைகளில் இறங்கியிருக்கிறது. ஹேண்டில்பாரை உயர்த்துங்கள். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் ஆள் முன்னோக்கி வழுக்கிக்கொண்டே இருப்பார், அதனால் சீட்டை மட்டப்படுத்துங்கள். மணிக்கட்டு மடங்காமல் முழங்கையைச் சற்றே மடக்கச் சொல்லுங்கள். சோதனை எளிது: உட்கார்ந்து ஓட்டும்போது விரல்களை ஹேண்டில்பாரில் பியானோ வாசிப்பதுபோல் தட்ட முடியவேண்டும்.

### உட்காரும் இடம்

உட்காரும் எலும்புகளில் நோவு முதல் இரண்டு மூன்று வகுப்புகளில் வரும், பழகினால் போகும். பேட் வைத்த ஷார்ட்ஸ் உதவும். கூடுதல் ஜெல் உறை நகர்ந்து உராய்வதால் பல சமயம் நிலைமையை மோசமாக்கும். தொடையிடுக்கில் மரத்துப்போவது இதில் சேராது, அதைப் பழகிக்கொள்ளச் சொல்லாதீர்கள். சீட் மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா, சீட் உயரம் அதிகமா என்று பார்த்துத் திருத்துங்கள்.

எப்போது அனுப்பவேண்டும்: திருத்திய பிறகும் இரண்டு வகுப்புகளில் வலி தொடர்ந்தால், முட்டி வீங்கினால், மரத்துப்போனது வண்டியைவிட்டு இறங்கியும் தெளியாவிட்டால் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ அனுப்புங்கள். நோயைக் கண்டுபிடிப்பது பயிற்சியாளரின் வேலை அல்ல.

## ஆளுக்கொரு வேகத்தில் மிதிக்கிறார்கள்

### பாட்டோடு யாருமே சேரவில்லை

பாட்டின் பிபிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை பீட்) நீங்கள் அளந்ததே இல்லை என்றால் இங்கே தொடங்குங்கள். 15 விநாடி பீட்டை எண்ணி நான்கால் பெருக்குங்கள். பீட்டுக்கு ஒரு கால் என்று மிதித்தால் ஆர்பிஎம் என்பது பிபிஎம்மில் பாதி. 128 பிபிஎம் பாட்டுக்கு 64 ஆர்பிஎம், நல்ல ஏற்றம். 170 பிபிஎம் என்றால் 85, சமதளம்.

சிக்கல் வருவது 95 முதல் 110 பிபிஎம் பாட்டுகளில். 100 பிபிஎம் பாட்டுக்குச் சிலர் ஒவ்வொரு பீட்டுக்கும் வலது காலை இறக்கி 100 ஆர்பிஎம் ஓட்டுவார்கள். மற்றவர்கள் பீட்டுக்கு ஒரு கால் வைத்து 50-இல் தத்தளிப்பார்கள். இரண்டு பேருமே பாட்டோடுதான் இருக்கிறார்கள்! இப்படிப்பட்ட பாட்டில் "ஒவ்வொரு பீட்டுக்கும் வலது கால்" என்று வெளிப்படையாகச் சொல்லி, முதல் எட்டு எண்ணிக்கையை "வலது, வலது" என்று நீங்களே எண்ணிக் காட்டுங்கள். சொல்ல மறந்துவிடும் என்றால் அந்தப் பாட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

### ஒரு சிலர் மட்டும் சேரவில்லை

வண்டியில் திரை இல்லையென்றால் அவர்கள் வேகம் அவர்களுக்கே தெரியாது. வலது முட்டி மேலே வருவதை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கச் சொல்லுங்கள். 20 வந்தால் 80. வகுப்பில் இரண்டு முறை இதைச் செய்தால் போதும், காது பழகிவிடும். அதன் பிறகும் ஒருவர் பீட்டைப் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். அவர் சரியான ரெசிஸ்டன்ஸில் சரியான மூச்சில் இருக்கிறார் என்றால் பீட் இரண்டாம்பட்சம்தான்.

### மாறும் இடத்தில் மட்டும் குழம்புகிறார்கள்

நீங்கள் தாமதமாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலான நடனப் பாட்டுகள் 32 பீட் தொகுதிகளாகப் போகும். 128 பிபிஎம்மில் ஒரு தொகுதி 15 விநாடி. தொகுதியின் பாதியில், அதாவது மாற்றத்துக்கு 16 பீட் முன்னால் சொல்லத் தொடங்குங்கள்: என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு நேரம், கால் எப்படி உணரவேண்டும். கடைசி நான்கு பீட்டை எண்ணுங்கள். நின்று மிதிக்கும் மாற்றத்துக்கு முதலில் ரெசிஸ்டன்ஸ், பிறகு எழுவது. வரிசை மாறினால் வெற்றுப் பெடலில் கால் சரிந்து விழும்.

பிளேயரில் கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டு முடியுமுன்பே அடுத்தது தொடங்கும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால் பாட்டுத் தொடக்கத்தில் பல விநாடிகள் கலந்துபோகும், உங்கள் எண்ணிக்கை தவறும். அதை நிறுத்துங்கள். ஃபோனை விமான நிலைக்கு மாற்றிப் பாட்டுகளை முன்பே இறக்கிவைத்திருங்கள்.

## இருபதாவது நிமிடத்தில் பாதிப் பேர் கைவிடுகிறார்கள்

அறை சூடாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 18 முதல் 22 டிகிரி செல்சியஸுக்குள் தொடங்கவேண்டும். வெறும் அறையில் 22 இருந்தால் ஆட்கள் நிறைந்ததும் ஏறிவிடும், அதனால் தாழ்வாகவே தொடங்குங்கள். விசிறிகள் கூரையைப் பார்த்திருந்தால் ஆட்களின் பக்கம் திருப்புங்கள். கரியமில வாயு அளவி இருந்தால் 1000 பிபிஎம்முக்கு (இங்கே பீட் அல்ல, காற்றின் பத்து லட்சம் பங்கில் ஆயிரம்) மேல் போகிறதா என்று பாருங்கள். போனால் அறைக்கு வெளிக்காற்று போதவில்லை, ஏசி மெக்கானிக்கின் வேலை அது.

அறை சரி என்றால் தவறு வகுப்புத் திட்டத்தில். பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

வார்ம்-அப் குறைவு: 3 நிமிடத்தில் ஏற்றம் தொடங்கினால் 20-ஆவது நிமிடத்தில் காலில் எதுவும் மிஞ்சாது. 7 நிமிடம் கொடுங்கள், அதற்குள் 30 விநாடி வேகக்கூட்டல் இரண்டு.

முதல் இடைவெளியே உச்சம்: பயிற்சியாளருக்கு அட்ரினலின், வகுப்புக்குத் தண்டனை. முதல் சுற்றை 10-க்கு 6 உழைப்பில் வைத்து, கடைசிச் சுற்றை 8-க்குக் கொண்டுபோங்கள்.

ஓய்வு போதவில்லை: 30 விநாடி முழுவீச்சுக்கு 60 விநாடி ஓய்வு குறைந்தபட்சம். 30-க்கு 15 என்று கொடுத்தால் நான்காவது சுற்றிலிருந்து யாரும் வேகமாகப் போகவில்லை, போவதாகக் காட்டிக்கொள்கிறார்கள்.

45 நிமிடத்துக்கு நிற்கும் ஒரு சட்டகம்: வார்ம்-அப் 7; ஏற்றம் 5 நிமிடம், ஓய்வு 2 நிமிடம் என மூன்று சுற்று, ஆக 21; 30 விநாடி வேகம், 60 விநாடி ஓய்வு ஆறு முறை, ஆக 9; கூல்-டவுன் 5; இறங்கிய பிறகு நீட்டல் 3. பாட்டை இதற்குள் பொருத்துங்கள். பிடித்த பாட்டு ஆறரை நிமிடம் ஓடுகிறது என்பதற்காக ஏற்றத்தை நீட்டும்போதுதான் திட்டம் கெடுகிறது.

## யாருக்கும் வியர்க்கவில்லை

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. ஆனால் காரணம் வேறு: சோம்பலைவிட, தெளிவில்லாத கட்டளைதான் இதைச் செய்கிறது.

"இன்னொரு திருப்பு போடுங்கள்" என்பதுதான் முதல் குற்றவாளி. ஒரு வண்டியில் ஒரு முழுச் சுற்று மலை, பக்கத்து வண்டியில் அதே சுற்று ஒன்றுமில்லை. திருப்பை விட்டுவிட்டு ஆர்பிஎம்மையும் மூச்சையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "70 ஆர்பிஎம், நான்கு சொல்லுக்கு மேல் ஒரே மூச்சில் பேச முடியாத கனம்." 70-ஐ எளிதாகத் தாண்டுகிறவர் கூட்டவேண்டும், 70-க்கு வரமுடியாதவர் குறைக்கவேண்டும். வகுப்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும்.

எவ்வளவு நேரம் என்று சொல்லாவிட்டால் ஆட்கள் சேமிப்பார்கள், நியாயம்தான். "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லி இரண்டு நிமிடம் இழுத்தால் அடுத்த முறை முன்கூட்டியே சேமிப்பார்கள். விநாடியைச் சொல்லுங்கள், சொன்ன விநாடியில் நிறுத்துங்கள். 10-க்கு 10 என்று கூப்பிட்டு மூன்று நிமிடம் வைத்திருக்காதீர்கள். முழுவீச்சை அவ்வளவு நேரம் யாராலும் தாங்க முடியாது. பொய்யான எண்ணுக்குப் பழகிய வகுப்பு உண்மையான எண்ணையும் நம்பாது.

கடைசிச் சோதனை: உங்கள் வண்டியிலிருந்து இறங்குங்கள். ஐந்து நிமிடம் வரிசைகளுக்கிடையே நடந்து நாப் பக்கம் கைகள் போகின்றனவா என்று பாருங்கள். "கூட்டுங்கள்" என்றதும் நாப்பைத் தொட்டுவிட்டுத் திருப்பாத கைகளை மேடையிலிருந்து பார்க்கமுடியாது. யாரையும் பெயர் சொல்லிச் சுட்டாதீர்கள், அவர்கள் நாப்பில் கை வைத்துத் திருப்பவும் செய்யாதீர்கள். முட்டியில் பிரச்சினை இருப்பதால்கூட ஒருவர் குறைவாக வைத்திருக்கலாம்.

சலிப்பைப் போக்க வண்டியின் மேல் புஷ்-அப், கையில் டம்பெல், கைகளை விட்டு ஓட்டுதல், பின்னோக்கி மிதித்தல் என்று சேர்ப்பவர்கள் உண்டு. வேண்டாம். முதல் மூன்றும் கால்வேலையைக் குறைத்துச் சமநிலையைக் கெடுக்கும். பின்னோக்கி மிதித்தால் பெடல் திருகு தளர்ந்து கழலவும் கூடும்.

## சொல்வது பின்வரிசைக்குக் கேட்கவில்லை

### மைக் ஊளையிடுகிறது

ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கிறீர்கள். வண்டியை ஸ்பீக்கர் வரிசைக்குப் பின்னால் நகர்த்துங்கள். ஹெட்செட் மைக் வாயின் ஓரத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். தூரமாக இருந்தால் கெயினை (மைக்கின் உணர்திறன்) கூட்டவேண்டிவரும், கூட்டினால் ஊளை. இவ்வளவுக்குப் பிறகும் ஊளையிட்டால் ஒலிப் பொறியாளர் சமன்படுத்தியில் அந்த அலைவரிசையைத் தாழ்த்தவேண்டும்.

### விட்டுவிட்டுக் கேட்கிறது

பேட்டரி; பிறகு வியர்வை நனைந்த இணைப்பு முனை; பிறகு டிரான்ஸ்மிட்டர் பெட்டி உங்கள் உடலுக்கும் வண்டிக்கும் இடையில் மறைந்திருப்பது; பிறகு பக்கத்து அறை மைக்கின் அதே அலைவரிசை. இந்த வரிசையில் பாருங்கள். பெட்டியை வியர்வைத் தடுப்பு உறையில் போட்டு இடுப்புக்குப் பின்னால் கட்டுங்கள். பஞ்சு உறை பயிற்சியாளருக்கு ஒன்று என்று தனியாக இருக்கட்டும்.

### மைக் சரி, பாட்டு அமுக்குகிறது

பாடகர் பாடும்போது பேசினால் எந்த மைக்கும் தோற்கும். வாத்தியம் மட்டும் ஓடும் இடத்துக்கு வைத்திருங்கள். மைக்கைக் கூட்டுவதற்குமுன் பாட்டைக் குறையுங்கள். வேலையிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் எல்லை, 85 டெசிபெல்லில் நாளுக்கு 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும், அதாவது 94-இல் ஒரே ஒரு மணி நேரம். நாளுக்கு மூன்று வகுப்பு எடுப்பவர் 94-இல் ஓட்டினால் வாரா வாரம் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஃபோன் செயலி தோராயமாக அளக்கும், அது போதும்.

### குரலே கம்மிவிட்டது

மைக் இல்லாமல் ஒரு வகுப்பும் எடுக்காதீர்கள். கை சைகைகளை முடிவுசெய்யுங்கள்: உட்கார, எழ, கூட்ட, குறைக்க, நான்கே போதும். கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாணைப் பார்க்கவேண்டும். இருமல் மிட்டாயில் தள்ளிப்போடாதீர்கள்.

## புதியவர்கள் ஒருமுறையோடு நின்றுவிடுகிறார்கள்

பெரும்பாலும் மூன்று காரணங்கள்: வலித்தது, புரியவில்லை, அவமானமாக இருந்தது. மூன்றும் முதல் பாட்டுக்கு முன்பே தீர்க்கக்கூடியவை. 15 நிமிடம் முன்னால் வரச் சொல்லி, மேலே சொன்னபடி பொருத்துங்கள். பிறகு அவசர நிறுத்தம்: நாப்பை நேராகக் கீழே அழுத்தினால் ஃப்ளைவீல் நிற்கும். சொல்லிக் காட்டினால் போதாது, ஒருமுறை அவர்கள் கையாலேயே அழுத்தவையுங்கள். பெடல் ஃப்ளைவீலோடு நேரடியாகப் பிணைந்த வண்டியில் மிதிப்பதை நிறுத்தினாலும் பெடல் சுற்றிக்கொண்டே இருக்கும். பயந்து காலை எடுத்தால் அது கெண்டைக்காலில் அடிக்கும்.

முதல் நாள் 25 நிமிடத்தில் இறங்கிப் போகலாம் என்று நீங்களே சொல்லுங்கள். அனுமதி இருக்கிறவர் பெரும்பாலும் கடைசிவரை இருப்பார். நின்று மிதிக்கும் எல்லாப் பகுதியையும் உட்கார்ந்தே செய்யலாம் என்பதையும் சொல்லுங்கள். முதல் வரிசை ஓரத்தில் உட்காரவைப்பது பலருக்குக் கூச்சம். இரண்டாவது வரிசை நடுவில் வைத்தால் உங்களையும் பார்ப்பார், முன்னால் இருப்பவரையும் பார்த்துக்கொள்வார்.

## வண்டி சத்தம் போடுகிறது, ஆடுகிறது, எண் காட்டவில்லை

### ரெசிஸ்டன்ஸ் கூட்டும்போது கிறீச்

உராய்வு பேட் வைத்த வண்டியில் பேட் காய்ந்திருக்கிறது அல்லது ஃப்ளைவீல் விளிம்பு அழுக்கு. உலர்ந்த துணியால் விளிம்பைத் துடையுங்கள். கம்பளி ஃபெல்ட் பேட் என்றால் கையேடு சொல்லும் எண்ணெயைச் சில துளி பேடில் விடுங்கள். தோல் பேடுக்கு அதற்கான சிலிக்கோன் ஸ்ப்ரே. துருநீக்கி ஸ்ப்ரேயை அடிக்காதீர்கள், பிடிப்பு போய்விடும். பிடிமான உலோகம் தெரியத் தொடங்குமுன் பேடை மாற்றவேண்டும், இல்லாவிட்டால் ஃப்ளைவீல் கீறி அதையும் மாற்றவேண்டிவரும். காந்த வண்டியில் பேட் உராய்வதில்லை, அங்கே கிறீச் கேட்டால் பேரிங் அல்லது பெல்ட். டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

### ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு "டக்"

முதலில் வேறு காலணியோடு ஓட்டிப்பாருங்கள். சத்தம் போனால் கிளீட் திருகு தளர்வு, 4 மில்லிமீட்டர் ஆலன் சாவி போதும். போகாவிட்டால் பெடல்: 15 மில்லிமீட்டர் ஸ்பானர். வலது பெடல் வழக்கம்போல் கடிகாரத் திசையில் இறுகும். இடது பெடல் எதிர்த்திசையில் இறுகும். இதை மறந்து பலம் போடுபவர்கள் மரையைத் தேய்த்துவிடுகிறார்கள், பிறகு பெடல் மாட்டும் கையான கிராங்கையே மாற்றவேண்டும். மாட்டுமுன் மரையில் கிரீஸ் தடவுங்கள், முதல் இரண்டு மூன்று சுற்றைக் கையாலேயே திருகுங்கள்.

பெடல் இறுக்கமாக இருந்தும் டக் என்றால் கிராங்க் போல்ட். கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால்தான் இறுக்கவேண்டும். இறுக்கிய சில நாளில் மீண்டும் தளர்ந்தால் கிராங்க் துளை தேய்ந்திருக்கிறது. அதையும் கடந்தால் அச்சு பேரிங். இவை இரண்டும் டெக்னீஷியன் வேலை.

### வண்டி ஆடுகிறது

தரையைத் தொடும் நான்கு கால்களில் ஒன்று அந்தரத்தில் இருக்கும், அதைத் திருகி இறக்கி லாக் நட்டை இறுக்குங்கள். சீட் மட்டும் ஆடினால் பூட்டும் பின் அதன் துளையில் முழுதாக விழவில்லை. இழுத்து விட்டு "க்ளிக்" கேட்ட பிறகு இறுக்குங்கள். பின் சரியாக விழுந்தும் ஆடினால் குழாய்க்குள் உள்ள பிளாஸ்டிக் உறை தேய்ந்துவிட்டது.

### திரை இருட்டு, அல்லது ஆர்பிஎம் பூஜ்யம்

பேட்டரியை மாற்றுங்கள். பேட்டரித் தகடுகளில் பச்சை பூத்திருந்தால் அது வியர்வை, சுரண்டித் துடையுங்கள். திரை ஒளிர்ந்து ஆர்பிஎம் மட்டும் வராவிட்டால் கிராங்க் காந்தமும் சென்சாரும் விலகியிருக்கும், நேராக்குங்கள்.

### ஒரே உழைப்புக்கு வண்டிக்கு வண்டி வேறு வாட்

நாப்பின் நிலையையும் ஆர்பிஎம்மையும் வைத்துக் கணக்கிடும் வண்டிகளில் இது இயல்பு. கையேட்டின்படி அளவீடு செய்யுங்கள். அதுவரை ஆளையும் ஆளையும் ஒப்பிடும் பலகையைத் திரையில் காட்டாதீர்கள். ஒவ்வொருவரும் அதே எண் வண்டியில் தன் போன வாரத்து எண்ணோடு ஒப்பிடட்டும். அளவீட்டுக்குப் பிறகும் ஒரு வண்டி தனித்து நின்றால் சென்சார் மாற்றம், தயாரிப்பாளரின் சேவைப் பிரிவு செய்யவேண்டியது.

### உடனே ஓரங்கட்டவேண்டியவை

அவசர நிறுத்தம் முழுதாகப் பிடிக்காத வண்டி, பெடல் மரை தேய்ந்த வண்டி, சீட் பின் வழுக்கும் வண்டி: இந்த மூன்றிலும் "இன்றைக்கு மட்டும் மெதுவாக ஓட்டுங்கள்" என்ற பேச்சே கூடாது. அதனால்தான் ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் எல்லா வண்டியிலும் நாப்பை ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும், 20 வண்டிக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. வகுப்புக்குப் பின் ஈரத்துணியால் துடையுங்கள். வண்டிமேல் நேராக ஸ்ப்ரே அடிக்காதீர்கள், ப்ளீச் வேண்டாம். அறையைப் பூட்டும்போது யாரும் ஃப்ளைவீலைச் சுற்றி விரலை மாட்டிக்கொள்ளாதபடி நாப்பை இறுக்கி வையுங்கள். பழுதான வண்டியில் அட்டை மட்டும் தொங்கவிட்டால் தாமதமாக வந்தவர் அதை எடுத்துவைத்துவிட்டு ஏறிவிடுவார். சீட்டைக் கழற்றி அலுவலக அறையில் வைத்துவிடுங்கள்.